முதல் தடவை இசை விழாவுக்குப் போகிறேன், ஒன்றும் தெரியாமல் போகலாமா?

யீஷூன் வாசகரின் கேள்வி, அக்டோபர் 28

எனக்கு 26 வயது. என்னோடு வேலை செய்யும் சீன நண்பர் ஒருவர் நவம்பரில் சிங்கப்பூர் எஸ்பிளனேட் கலை மையத்தில் நடக்கும் கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழாவுக்குக் கூப்பிடுகிறார். அவர் வருடா வருடம் போகிறவராம். தமிழனாகப் பிறந்த நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்தது உறுமி மேளம், சினிமாப் பாட்டு, இரண்டும்தான். கர்நாடக சங்கீதம் கொண்டோவில், அதாவது வசதியான தனியார் குடியிருப்பில், இருப்பவர்களுக்கும் பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கியவர்களுக்கும்தான் என்று நினைத்திருந்தேன். ராகம் தெரியாது. எப்போது கைதட்ட வேண்டும் என்றுகூடத் தெரியாது. முதலில் ஏதாவது கற்றுக்கொண்டு போகணுமா, இல்லை இந்த வருடம் விட்டுவிட்டு அடுத்த வருடம் பார்க்கலாமா?

அக்டோபர் 28, இரவு

இந்த வருடமே போங்க தம்பி. கற்றுக்கொண்டு வா என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உறுமி மேளத்தோடு வளர்ந்ததை ஒரு குறை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உங்கள் கையில் இருக்கிற மூலதனம் என்று தோன்றுகிறது. கச்சேரிக்கு வரும் பலருக்கு ராகத்தின் பெயர் தெரியும், தாளம் எங்கே வந்து விழும் என்பது உடம்பில் தெரியாது. உங்களுக்கு அது கோயில் வாசலில் நின்றே வந்திருக்கும். பாட்டு வழியாக உள்ளே போக முடியாவிட்டால் மேளம் வழியாகப் போங்கள். நானும் அந்த வழியாகத்தான் போனேன்.

நான் பேருந்து ஓட்டுநர். அங் மோ கியோவில் வளர்ந்தவன். வீட்டில் வானொலி, கோயிலில் மேளம், அவ்வளவுதான். எங்கள் புளோக்கில் சங்கீதம் படித்தவர் ஒருவரும் இல்லை. மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன், விடியற்காலை வண்டி எடுக்கணும்.

அக்டோபர் 29, மதியம்

நடைமுறை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எஸ்பிளனேட் 2002 அக்டோபரில் திறந்தது. கலா உத்சவமும் அந்த வருடத்திலிருந்தே நடக்கிறது. விழாவில் இரண்டு வகை உண்டு. டிக்கெட் வாங்கி உள்ளே போய் உட்காரும் நிகழ்ச்சிகள் ஒரு வகை. கீழ்த்தளத்துக் கூடத்திலும் கடலோரத் திறந்தவெளி அரங்கிலும் இலவசமாக நடப்பவை இன்னொரு வகை. முதல் தடவை போகிறவர் இலவசத்தில் ஆரம்பிப்பது நல்லது. பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பிடித்திருந்தால் நகர்ந்து நகர்ந்து முன்னால் வந்துவிடலாம்.

டிக்கெட் வாங்குவதாக இருந்தால் சின்ன அரங்கைப் பாருங்கள். பெரிய கச்சேரி மண்டபத்தில் ஏறக்குறைய 1,600 பேர் உட்காரலாம். அழகான மண்டபம்தான். ஆனால் மாடியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் மிருதங்கக்காரரின் விரல் தெரியாது, தோள் அசைவதுதான் தெரியும். ரிசைட்டல் ஸ்டூடியோ என்று ஒன்று இருக்கிறது, 250 பேருக்குள்தான் அடங்கும். அங்கே கச்சேரி என்றால் யோசிக்காமல் வாங்கலாம்.

யீஷூனிலிருந்து எம்ஆர்டி ரயிலில் வடக்கு தெற்குப் பாதையில் ஏறினால் நேராக சிட்டி ஹால். அங்கிருந்து சிட்டிலிங்க் கடைத்தொகுதி வழியாகத் தரைக்கடியிலேயே நடந்தால் நவம்பர் மழையில் நனையாமல் போய்ச் சேரலாம்.

அக்டோபர் 29, இரவு

"நீங்கள் எப்படி உள்ளே போனீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் மனைவிக்கு அப்போது மரீனா பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை. எனக்கு விடுமுறை நாள். அவள் வேலை முடிந்து வரும்வரை எங்காவது குளிரில் உட்காரலாம் என்று எஸ்பிளனேடுக்குள் போனேன். கூடத்தில் சின்ன மேடை போட்டிருந்தார்கள். பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை. மிருதங்கக்காரர் மட்டும் ஓரமாக உட்கார்ந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். பிசைந்ததை உருட்டி, இடது பக்கத் தோலின் நடுவில் வைத்துக் கட்டைவிரலால் வட்டமாக அழுத்தினார். ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். கொஞ்சம் கிள்ளி எடுத்தார். மறுபடியும் தட்டினார். கொஞ்சம் சேர்த்தார். அப்புறம் மிருதங்கத்தைத் திருப்பி, ஒரு கல்லை எடுத்து வலது பக்கத்து விளிம்பைச் சுற்றிலும் தட்டித் தட்டி, தம்புரா ஒலிக்குக் காதைக் கொடுத்துச் சேர்த்துக்கொண்டே வந்தார். பாட்டு தொடங்கும் முன்பே நான் மாட்டிக்கொண்டேன்.

உறுமிக்காரர்கள் தோலைச் சூடு காட்டி இழுத்துக் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். தோலோடு மனிதன் மல்லுக்கட்டுவது எனக்குத் தெரிந்த விஷயம். அந்தக் கூடத்தில் எனக்கு அந்நியமாகப் படாத முதல் விஷயம் அதுதான்.

இங்கே இன்னொரு சங்கடமும் இருக்கிறது. வெளியே ஈரக்காற்று, உள்ளே குளிரூட்டி. ஈரம் பட்டால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், காய்ந்தால் இறுகி ஏறும். கஞ்சிரா என்ற சின்னக் கைமேளத்தை வாசிப்பவர் நடு நடுவே தோலின் உட்பக்கம் தண்ணீர் தடவுவதைப் பார்த்தீர்கள் என்றால் அதற்காகத்தான். பாட்டு போய்க்கொண்டிருக்கும்போதே சத்தமில்லாமல் அதைச் செய்வார்கள்.

அக்டோபர் 30

"உறுமியையும் மிருதங்கத்தையும் ஒரே வரியில் வைத்துப் பேசுவது சரியில்லை, இது சாஸ்திரீயக் கலை" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். கோபப்படாமல் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவர் தாளக் கணக்கைக் கற்றுக்கொண்டது மாரியப்பத் தவில்காரர் என்ற தவில் வித்துவானிடம். மான்பூண்டியா பிள்ளையின் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை. அந்தப் பரம்பரையில் வந்தவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை, மிருதங்கத்தில் அவர் பெயரைச் சொல்லாமல் யாரும் பேசமாட்டார்கள். ஆக, இன்று சபாவில் நாற்காலி போட்டுக் கேட்கும் லயக் கணக்கில் ஒரு பெரிய பங்கு, கோயில் வீதியில் நின்று வாசித்த தவிலிலிருந்து வந்தது. வீதியில் வாசித்ததால் அது சின்னதாகிவிடவில்லை.

உறுமி வேறு, மிருதங்கம் வேறு என்பது எனக்கும் தெரியும். உறுமியில் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்த்து அந்த உறுமலை எழுப்ப வேண்டும். மிருதங்கத்தில் ஒரே தோலில் இத்தனை சொல், அதாவது வேறு வேறு ஒலி, வர வேண்டும். கையும் வேறு, பாடமும் வேறு. தம்பியிடம் நான் சொன்னது காதைப் பற்றி. ஒன்றைக் கேட்டுப் பழகிய காது இன்னொன்றைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

அக்டோபர் 30, இன்னும் கொஞ்சம்

அந்த ஐயா திரும்பவும் வந்து, "மான்பூண்டியா பிள்ளை பற்றி நீங்கள் சொன்னது சரிதான், நான் சொல்ல வந்தது வேறு" என்று மரியாதையாக எழுதியிருக்கிறார். நன்றி ஐயா. விட்டுவிடுவோம்.

நவம்பர் 1

கற்றுக்கொள்ள வேண்டாம் என்று சொன்னேன். நேற்று வண்டி ஓட்டும்போது யோசித்தேன். ஒரே ஒரு விஷயம் மட்டும் தெரிந்துகொண்டு போகலாம், எம்ஆர்டியில் போகும்போதே பழகிவிடும்.

ஆதி தாளம். வலது கையால் தொடையில் ஒரு தட்டு. அப்புறம் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ணுங்கள். மறுபடி ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒன்று. மறுபடி தட்டு, மறுபடி திருப்பு. எட்டு ஆயிற்று. திரும்ப முதலிலிருந்து. கச்சேரியில் நீங்கள் கேட்கும் பாட்டுகளில் பெரும்பகுதி இதில்தான் போகும். பாடுபவரின் கையைப் பார்த்தால் போதும், அதுவே சொல்லிக்கொடுக்கும். கை வேறு மாதிரி போனால் அது வேறு தாளம், பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

சத்தம் வராமல் போடுங்கள். பக்கத்தில் ஒருவர் பளார் பளார் என்று தொடையில் அறைந்து தாளம் போட்டால் எனக்கே எரிச்சலாக இருக்கும். இதை எழுதச் சொன்னது ஜூரோங்கிலிருந்து எழுதும் அக்கா, அவர் சொன்னது நியாயம்.

நவம்பர் 2, இரவு

இன்றைக்கு நீளமாக எழுதப்போகிறேன், ஏனென்றால் ஒருவர் கீழே "தனி ஆவர்த்தனம் வந்தால் எழுந்து காப்பி குடிக்கப் போகலாம், எல்லாரும் அப்படித்தான்" என்று புதியவருக்கு யோசனை சொல்லியிருக்கிறார். தயவுசெய்து போகாதீர்கள். எதற்கு எழுந்தாலும் அதற்கு எழாதீர்கள்.

தம்பிக்காக: கச்சேரியின் நடுவில், முக்கியமான பெரிய பாட்டு முடியும் தறுவாயில், பாடுபவரும் வயலினும் நிறுத்திவிடுவார்கள். மிருதங்கம் தனியாக வாசிக்கும். மண்பானையான கடமோ, கஞ்சிராவோ, வாயில் வைத்து வாசிக்கும் மோர்சிங்கோ கூட இருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு. அதுதான் தனி. எனக்குத் தெரிந்து கூட்டம் எழுந்து கழிப்பறைக்கும் காப்பிக்கும் போவது இந்த நேரத்தில்தான். பாட்டு முழுவதும் பின்னால் நின்று தாங்கிய மனிதருக்கு முழு மேடை கிடைக்கும் சில நிமிடங்கள். அந்த நேரத்தில் நாற்காலிகள் டப் டப் என்று மடங்கும் சத்தம் கேட்டால் எனக்கு மனது கஷ்டமாகிவிடும். ஒரு கச்சேரியில் கடம் வாசித்த பையன், இருபது வயதுக்கு மேல் இருக்காது, தலையை நிமிர்த்திப் பார்த்தான். அவனுக்கு முன்னால் ஒரு வரிசையே காலி. அவன் வாசிப்பை விடவில்லை. நான் கை வலிக்கத் தட்டினேன்.

அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், தெரிந்தால் எழுந்து போக மனம் வராது.

முதலில் மிருதங்கம் நிதானமாகத் தொடங்கும். தாளத்தின் எட்டு எண்ணிக்கை மாறாது, அதற்குள் ஒவ்வொரு எண்ணிக்கையையும் நான்காகப் பிரித்து வாசிப்பார். கொஞ்ச நேரம் கழித்து அதையே மூன்றாகப் பிரிப்பார், இல்லாவிட்டால் ஐந்தாக. திடீரென்று வண்டியின் ஓட்டம் மாறிய மாதிரி இருக்கும், ஆனால் பாடுபவரின் கை அதே இடத்தில் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். இதற்கு நடை மாற்றுவது என்று பெயர். அப்புறம் அடுத்தவருக்கு விடுவார். அவர் வாசிப்பார். இப்படி மாறி மாறிப் போகும்போது, ஒவ்வொருவர் பங்கும் சின்னதாகிக்கொண்டே வரும். ஒரு சுற்று, அரைச் சுற்று, கால் சுற்று, கடைசியில் இரண்டு மூன்று சொல் மட்டும் இவரிடமிருந்து அவருக்கு, அவரிடமிருந்து இவருக்கு. குறைப்பு என்பார்கள். ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டே வாசிப்பார்கள், முகத்தில் சிரிப்பு வரும். அதன் பிறகு எல்லாரும் சேர்ந்து மோரா, கோர்வை என்ற முடிப்புகள். கோர்வை மூன்று தடவை வரும். மூன்றாவது முடியும் இடத்தில் பாடுபவர் விட்ட வரியைச் சரியாகப் பிடிப்பார். அந்த இடத்தில் அரங்கமே கை தட்டும். எப்போது கைதட்டுவது என்று கேட்டீர்களே, அங்கே தட்டுங்கள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, உங்கள் கை தானாகவே போய்விடும்.

எங்கே உட்கார வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். நாம் மேடையைப் பார்த்து உட்கார்ந்தால் பெரும்பாலும் வயலின் நம் வலது பக்கமும் மிருதங்கம் நம் இடது பக்கமும் இருக்கும். மிருதங்கத்தின் வலது முகம், கறுப்பு வட்டம் இருக்கும் முகம், நம்மைப் பார்த்து இருக்கும். அந்த விரல்களைப் பார்க்க வேண்டுமானால் அரங்கின் இடது பக்கத்து இருக்கை. இடதுகைக்காரர் வாசித்தால் எல்லாம் இடம் மாறும்.

நவம்பர் 3

"மண்டபத்தில் மிருதங்கத்துக்கு இவ்வளவு மரியாதை கேட்கிறீர்களே, நம் உறுமிக்கு ஊர்வலத்திலேயே இடம் கிடைக்க எத்தனை வருடம் ஆனது" என்று தம்பியின் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். பேச்சு எங்கேயோ போகிறது என்று யாராவது சொல்வார்கள். போகட்டும், இதையும் பேசத்தான் வேண்டும்.

தைப்பூச ஊர்வலத்தில் 1973இல் இசைக்குத் தடை வந்தது. கும்பல்களுக்குள் நடந்த சண்டை சச்சரவுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. எங்கள் தலைமுறை முழுக்க, சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்வரை, மேளமில்லாத காவடிக்குப் பின்னால் நடந்தது. வாயால் பாடி, கை தட்டி, "வேல் வேல்" சொல்லிக்கொண்டு போவோம். 2016இல் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசை வைக்க விட்டார்கள். 2019இல் காவடியோடு போகிறவர்களே பாரம்பரிய வாத்தியங்களை வாசித்துக்கொண்டு நடக்கலாம் என்று ஆனது.

அந்த வருடம் நான் ஊர்வலத்தில் இருந்தேன். என் அக்கா மகன் காவடி எடுத்தான். முதல் அடி விழுந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், அறிமுகம் இல்லாதவர், என் தோளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

அதனால்தான் தம்பி, இது நமக்கானது இல்லை என்கிற மாதிரி நீங்கள் எழுதியதைப் படித்தபோது மனது கேட்கவில்லை. ஒரு மேளம் நம் காதிலிருந்து எடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. இன்னொரு மேளம் எம்ஆர்டியில் ஏறினால் எட்டும் தூரத்தில், இலவசமாக, வருடா வருடம் வாசிக்கப்படுகிறது. அதை நாமே வேண்டாம் என்று ஒதுக்கலாமா?

நவம்பர் 4, காலை

கொண்டோ விஷயம். உங்கள் சந்தேகம் ஆதாரமில்லாதது என்று நான் சொல்லமாட்டேன். எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு கச்சேரிக்கு வேலை முடிந்து நேராகப் போனேன். பக்கத்து இருக்கை அம்மா என் சீருடைச் சட்டையைப் பார்த்துவிட்டு, "இது டிக்கெட் நிகழ்ச்சி, தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். டிக்கெட்டைக் காட்டினேன். இடைவேளையில் அதே அம்மா, பாடியது என்ன ராகம் என்று தன் கணவரிடம் கேட்டு, அவருக்கும் தெரியாமல், என் பக்கம் திரும்பினார். எனக்கும் தெரியாது என்றேன். இடைவேளை முடிகிறவரை அவர் சுண்டல் கொடுத்துக்கொண்டே இருந்தார், வெளியேதான், உள்ளே சாப்பிட விடமாட்டார்கள். இப்போதும் எங்காவது பார்த்தால் பேசுவோம்.

இங்கே இந்தக் கலையைத் தூக்கிப் பிடித்தவர்களில் எல்லா வகை ஆட்களும் இருக்கிறார்கள். சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949இல் தொடங்கியது, நாடு சுதந்திரம் பெறுவதற்கு முன்னால். மக்கள் கழகத்தின் கீழ் இந்திய இசைக்குழு ஒன்று 1980களிலிருந்து இயங்குகிறது. போன மாதம் விமானத்தில் வந்து இறங்கியவர்களின் பொழுதுபோக்கு என்று இதை யாரும் சொல்லிவிட முடியாது.

நவம்பர் 4, மதியம்

நுண்கலைக் கழகத்தை ஆங்கிலச் சுருக்கத்தில் சிஃபாஸ் என்பார்கள். சிங்கப்பூர் அனைத்துலகக் கலை விழாவுக்குச் சுருக்கம் சிஃபா. டிக்கெட் தேடும்போது கவனம். அது வேறு, இது வேறு.

நவம்பர் 5

"வரிகள் தெலுங்கில் இருக்கிறது, ஒன்றும் புரியாது" என்று பலர் எழுதுகிறீர்கள். உண்மைதான். தியாகராஜரின் பாட்டு நிறைய வரும், அவர் தெலுங்கில் பாடியவர். எனக்கும் பொருள் தெரியாது. உணர்ச்சி புரிகிறது, அதோடு சரி.

ஆனால் தமிழும் வரும். தமிழிலேயே பாட வேண்டும் என்று 1940களில் ஓர் இயக்கமே நடந்து, சென்னையில் 1943இல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. அதற்கெல்லாம் முன்பே முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர் மூவரும் தமிழில் கீர்த்தனை செய்திருக்கிறார்கள். பாபநாசம் சிவன் வந்தாலே எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றும், ஒவ்வொரு சொல்லும் புரியும்.

யீஷூன்காரர் என்பதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அரசமரத்து பாலசுப்பிரமணியர் கோயிலில் பங்குனி உத்திரத்துக்குப் போயிருப்பீர்கள். திருப்புகழ் காதில் விழுந்திருக்கும். தத்தன தனதன என்று ஓடும் அந்தச் சந்தம், அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டில் போட்ட கணக்கு. கச்சேரியின் கடைசிப் பகுதியில், சின்னச் சின்னப் பாட்டாக வரும் இடத்தில், திருப்புகழ் பாடுவது வழக்கம். அது வந்தால் உங்கள் சீன நண்பருக்கு நீங்கள்தான் விளக்கம் சொல்வீர்கள்.

நவம்பர் 6

சின்ன விஷயங்கள், பலர் கேட்டதால்.

மேல்சட்டை அல்லது சால்வை எடுத்துப் போங்கள், மண்டபம் குளிரும். தாமதமாகப் போனால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான் உள்ளே விடுவார்கள். கைபேசியில் பதிவு செய்ய விடமாட்டார்கள், பணியாளர் வந்து தோளைத் தட்டுவார். குழந்தைகளைக் கூட்டிப் போக நினைப்பவர்கள் டிக்கெட் விதியைப் படியுங்கள், பெரிய மண்டபத்தில் பெரும்பாலும் 6 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. இலவச மேடைக்கு எந்தக் குழந்தையும் வரலாம், ஆடலாம், ஓடலாம். வேட்டி, பட்டு எல்லாம் உங்கள் விருப்பம்.

சாப்பாட்டைக் கச்சேரிக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே கடலோர உணவுக் கடைகள் இருக்கின்றன, ஆனால் மாலையில் அங்கே உட்கார இடம் பிடிப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். நான் தேக்காவில் தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன்.

நவம்பர் 17

தம்பி போய்விட்டு வந்து எழுதியதைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். மனைவிக்கும் படித்துக் காட்டினேன்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கம்: ஒரு மாலை இலவச மேடை, இன்னொரு மாலை டிக்கெட் வாங்கி உள்ளே. வரியும் தாளமும் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையில் தூங்கிவிட்டாராம். தனி வந்ததும் விழித்துக்கொண்டு, முடியும்வரை நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தாராம். நண்பர் கழிப்பறைக்கு எழப்போக, இவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாராம். நன்றாகச் செய்தீர்கள்.

கேட்ட சந்தேகத்துக்கு வருகிறேன். "எட்டு எண்ணிக்கொண்டே வந்தேன், கோர்வை மூன்றாவது தடவை முதல் தட்டில் வந்து முடியும் என்று எதிர்பார்த்தேன், ஆனால் கொஞ்சம் தள்ளிப் போய் முடிந்தது. நான் விட்டேனா, அவர்கள் விட்டார்களா?" யாரும் விடவில்லை. எல்லாப் பாட்டும் முதல் தட்டிலேயே தொடங்குவதில்லை. சில பாட்டு, தட்டு விழுந்து அரை எண்ணிக்கை கழித்துத் தொடங்கும், சிலது இன்னும் கொஞ்சம் தள்ளித் தொடங்கும். அந்தத் தொடங்கும் இடத்துக்கு எடுப்பு என்று பெயர். கோர்வை போய்ச் சேர வேண்டியது பாட்டின் எடுப்பில், ஏனென்றால் பாடுபவர் அங்கேதான் வரியைப் பிடிக்க வேண்டும். வாசிப்பவர் அந்த அரை எண்ணிக்கையையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துத்தான் கோர்வையைக் கட்டுவார்.

முதல் தடவை போன ஒருவர் அந்த அரை எண்ணிக்கை தள்ளியதைக் கவனித்திருக்கிறார் என்றால், உறுமி கேட்ட காது என்று நான் சொன்னதை இனிமேலாவது நம்புங்கள். எனக்கு அது பிடிபட வருடங்கள் ஆயின.

நவம்பர் 18

ஆலாபனை பற்றி "அதில் தாளமே இல்லை, எதைப் பிடித்துக்கொள்வது?" என்று தம்பி கேட்கிறார். ஆமாம், ஆலாபனையில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை, மேளக்காரர் காதுக்கு அங்கே பிடிமானம் கிடைக்காது. நான் செய்வது இது: பாடுபவரை விட்டுவிட்டு வயலினைப் பார்ப்பேன். அவர் ஒரு பிடி பாடி நிறுத்தினால், வயலின் அதையே திருப்பிச் சொல்லும். சில நேரம் அப்படியே, சில நேரம் கொஞ்சம் மாற்றி. இவர் சொன்னதும் அவர் சொன்னதும் ஒன்றா என்று கேட்டுக்கொண்டே இருந்தால் நேரம் போவது தெரியாது.

அதற்கும் தூக்கம் வந்தால் தூங்குங்கள். குறட்டை மட்டும் வேண்டாம்.

ஜூரோங் அக்கா இதற்கு, "ஆலாபனையில் அவர் தூங்கியதையும் கச்சேரி கேட்டதாகத்தான் சேர்க்க வேண்டும், என் அப்பா அப்படித்தான் கேட்பார்" என்று எழுதியிருக்கிறார். சேர்த்துக்கொள்வோம் அக்கா.

நவம்பர் 21

இந்த வயதில் மிருதங்கம் கற்றுக்கொள்ள முடியுமா என்று தம்பி கேட்டதற்கு, இங்கே வாசிப்பவர்களே பதில் சொல்லிவிட்டார்கள். 30க்கு மேல் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். நுண்கலைக் கழகத்தில் வகுப்பு இருக்கிறது, சமூக மன்றங்களில் கேட்டுப் பாருங்கள், தனியாகச் சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு. கட்டணத்தை நேரில் கேளுங்கள், நான் ஒரு தொகை எழுதி அது தவறாக இருக்க வேண்டாம். ஒன்றே ஒன்று: சேர்வதற்கு முன்னால் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கை வைப்பதற்கு முன்பு வாயால் சொல்லத்தான் வைப்பார்கள், தா தீ கி ண தோம் என்று. அது ஐந்து. உறுமி கேட்டு வளர்ந்தவர் நீங்கள், உங்களுக்கு அது புதிதாக இருக்காது.

தவிலும் நாகஸ்வரமும் கேட்க வேண்டுமானால் விழாவுக்குக் காத்திருக்க வேண்டாம். சிராங்கூன் சாலைக் கோயில்களில் பூஜை நேரத்தில் போய் நில்லுங்கள். தவில்காரரின் வலது கை விரல்களில் கூடு மாட்டியிருக்கும், இடது கையில் குச்சி. பத்தடி தள்ளி நில்லுங்கள், கிட்டே போனால் காது அடைத்துவிடும். பெரும்பாலும் ஐந்தாறு பேர்கூடக் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டார்கள். நீங்கள் நின்றால் வாசிப்பவர் உங்களைப் பார்த்தே வாசிப்பார்.

ஏப்ரலில் நுண்கலைக் கழகத்தின் விழா வழக்கமாக வரும். தேதி வந்ததும் இங்கே போடுகிறேன். சேர்ந்து போக விரும்புகிறவர்கள் கீழே எழுதுங்கள், என் வேலை அட்டவணை மாதத் தொடக்கத்தில்தான் தெரியும், பகல் ஷிஃப்ட் கிடைத்தால் வந்துவிடுவேன். இடது பக்கத்தில் மூன்றாவது நான்காவது வரிசை வாங்கப் பார்ப்போம். தம்பி, நண்பரையும் கூட்டி வாங்க.